மூச்சில் இருக்கும் தண்ணீர்

மானாம்பதி
10 நவம்பர் 2024

அன்புத் தம்பி ஏசுதாஸுக்கு,

அக்கா பரிமளா எழுதுவது. ஆண்டவர் தயவில் அம்மாவும் நானும் சுகமாக இருக்கிறோம். அம்மாவின் முட்டி வலி மழைக்கு ஏறுகிறது, வெயிலுக்கு இறங்குகிறது, அவ்வளவுதான். உன் உடம்பு எப்படி இருக்கிறது?

மலையிலிருந்து வாரத்துக்கு ஒருமுறை நீ பேசும் மூன்று நிமிஷமும் அம்மாவுக்கே சரியாகப் போய்விடுகிறது. "சாப்ட்டியா, போத்திக்கினியா" என்று கேட்டு முடிப்பதற்குள் லைன் அறுந்துவிடும். அதனால்தான் இந்தக் கடிதம்.

நம் சபை பேண்டில் கிளாரினெட் வாசித்த தானியேல் அண்ணன் மெட்ராஸுக்கு வாட்ச்மேன் வேலைக்குப் போய்விட்டார். கருவி மட்டும் கோயில் பீரோவில் கிடந்தது. நான் போய், "எனக்குக் கொடுங்கள், நான் வாசிக்கிறேன்" என்று கேட்டேன். நீ பட்டாளத்தில் சேர்வதற்கு முன் வீட்டில் பழகும்போதெல்லாம் விரல் எங்கே வைக்கிறாய் என்று பார்த்துக்கொண்டே இருந்தவள் நான். நீ வெளியே போன நேரத்தில் எடுத்து ஊதியும் இருக்கிறேன். இப்போது சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே.

செயலாளர் சாமுவேல் ஐயாவுக்குப் பிடிக்கவில்லை. "இன்னாமே, பொம்பள கிளாரினெட்டு ஊதி எங்கனா பாத்துக்கீறியா?" என்றார். போதகர்தான் குறுக்கே வந்து, "குருத்தோலை ஞாயிறு வரைக்கும் பார்ப்போம். அன்றைக்குப் பவனியில் சரியாக வாசித்துவிட்டால் அவளே தொடரட்டும்" என்றார்.

வாசிப்பு வந்துவிடும் தம்பி. ஆனால் கால் மணி நேரம் ஊதினால் உள்ளே தண்ணீர் சேர்ந்து கொளகொள என்று சத்தம் வருகிறது. போன ஞாயிறு ஒத்திகையில் எல்லார் முன்னாலும் அப்படி ஆனது. சாமுவேல் ஐயா, "பொம்பளைங்களுக்கு எச்சி ஜாஸ்தி" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்த பிறகு சிரிப்பு வரவில்லை.

ரைஸ் மில் களத்தில் ஒரு நெல்லைக் கடித்துப் பார்த்து ஈரம் எவ்வளவு என்று சொல்கிறவள் நான். மெஷின் வைத்துப் பார்த்தாலும் அதே கணக்குதான் வரும். அப்படிப்பட்டவளுக்கு இந்த ஈரத்தை என்ன செய்வது என்று தெரியவில்லை. நீ ராணுவ பேண்டுக்காரன், உனக்குத் தெரிந்திருக்கும். எழுது.

உன் நினைவாகவே இருக்கும்
அக்கா பரிமளா


ராணுவ அஞ்சல் வழியாக
2 டிசம்பர் 2024

அன்பான அக்காவுக்கு,

உன் தம்பி ஏசுதாஸ். நான் திடமாக இருக்கிறேன். அம்மாவின் முட்டிக்குத் தைலம் தேய்த்துவிடு. உன் கடிதம் ஹெலிகாப்டரில் வந்தது. இருபத்திரண்டு நாள் பழைய கடிதம் என்றாலும் புதுச் செய்தி போல நான்கு முறை படித்தேன்.

முதலில் ஒன்று சொல்கிறேன், சாமுவேல் ஐயாவிடமும் சொல். அது எச்சில் இல்லை, மூச்சு. நம் உடம்புச் சூட்டோடு ஈரக்காற்று வெளியே வருகிறது. குழல் குளிர்ந்து இருந்தால், அந்த ஈரம் உள்சுவரில் முத்து முத்தாக ஒட்டிக்கொள்கிறது. கொதிக்கிற சோற்றுப் பானையின் மூடியைத் திருப்பிப் பார்த்தால் தெரியுமே, அதே மாதிரிதான். ஆணுக்கும் பெண்ணுக்கும் இதில் வித்தியாசமே கிடையாது.

எனக்கே இது இங்கே வந்த பிறகுதான் முழுசாகப் புரிந்தது. பேண்டுக்காரர்கள் மேலே வந்தால் வாசிப்பதில்லை, அடிபட்டவர்களையும் நோயாளிகளையும் தூக்குவதுதான் எங்கள் வேலை. ஆனாலும் மன ஆறுதலுக்கு என் கிளாரினெட்டை நடு முகாம் வரைக்கும் கொண்டுவந்தேன். ஒருநாள் காலை வெளியே நின்று ஊதினேன். மூன்று சுரம்தான் வந்தது. நான்காவது சுரத்துக்கு ஓட்டையை மூடும் கீயைத் தூக்கினால் அசையவில்லை. என் மூச்சே உள்ளே பனிக்கட்டி ஆகிப் பூட்டிவிட்டது. கூடாரத்துக்குள் கொண்டுவந்து உருக்கியபோது நான்கைந்து சொட்டுத் தண்ணீர் வந்தது அக்கா. மூன்று சுரத்துக்கே நான்கைந்து சொட்டு! ஒரு மனுஷன் ஒரு நாள் முழுக்க விடுகிற மூச்சில் எவ்வளவு தண்ணீர் இருக்கும் என்று யோசித்துப் பார்த்தேன். நமக்குள்ளே ஒரு குளமே இருக்கிறது போல.

நீ செய்ய வேண்டியது: ஊதத் தொடங்கும் முன் குழலைக் கையால் தேய்த்துச் சூடாக்கு. ஒரு துணியில் கயிறு கட்டி, நுனியில் சின்னக் கனம் வைத்து, பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை உள்ளே இழுத்துத் துடை. கீழே வைக்கும்போது கீகள் மேலே பார்க்க வை. ஓட்டையில் தண்ணீர் ஏறிவிட்டால் அந்தக் கீயைத் திறந்து ஓரமாக ஒரு வேக ஊது ஊது. பிறகு சிகரெட் சுருட்டும் மெல்லிய தாளை கீக்கு அடியில் வைத்து அழுத்தி எடு, ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும்.

அம்மாவிடம் குளிரைப் பற்றி எதுவும் சொல்லாதே. எல்லாருக்கும் என் அன்பைச் சொல்.

உன் தம்பி
ஏசுதாஸ்


மானாம்பதி
21 டிசம்பர் 2024

அன்புத் தம்பிக்கு,

கிறிஸ்துமஸ் வாழ்த்து. இது கைக்கு வரும்போது பொங்கலே வந்துவிடும். நாங்கள் சௌக்கியம், தைலம் தேய்க்கிறேன். உனக்குச் சளி பிடிக்காமல் இருக்க வேண்டும் என்று அம்மா நாள்தோறும் முழங்காலில் நிற்கிறார்கள்.

நீ சொன்னபடி துணி இழுத்தேன். என்ன நடந்தது தெரியுமா? பழைய வேட்டித் துண்டைச் சுருட்டி மேல் பாகத்தில் இழுத்தேன். பாதியில் நின்றுவிட்டது, முன்னேயும் போகவில்லை, பின்னேயும் வரவில்லை. கோயில் சொத்து! குழலைப் பைக்குள் வைத்துக்கொண்டு பஸ் ஏறி உத்திரமேரூருக்குப் போனேன். வாட்ச் ரிப்பேர் கடைக்காரர் உள்ளே டார்ச் அடித்துப் பார்த்து, "உள்ள ஒரு சின்ன பித்தள குழா நீட்டிக்கினு கீது. அதுல மாட்டிக்கிச்சி" என்றார். நீண்ட கொக்கி போட்டு முக்கால் மணி நேரத்தில் எடுத்தார். காசு வேண்டாம், ஒரு பாட்டு ஊது என்றார். ஊதினேன். பாதியில் கொளகொள. அவர் நல்லவர், கைதட்டினார்.

அதே கடையில், பட்டுத் தறி நெய்கிற எத்திராஜ் அண்ணன் கடிகாரத்துக்கு பேட்டரி மாற்ற உட்கார்ந்திருந்தார். நடந்ததைப் பார்த்துவிட்டு, "பருத்தி ஊறிப் பூடும்மா, தடிச்சிக்கும். பட்டுதான் உனக்கு லாயக்கு" என்று சொல்லி, மறுநாள் அவர் தறியில் மிஞ்சிய பட்டில் ஒரு முழம் கொடுத்தார். காற்று மாதிரி இருக்கிறது. மாம்பழ மஞ்சள் நிறம். உள்ளே போவதும் தெரியவில்லை, வருவதும் தெரியவில்லை. ஆனால் வெளியே வந்த பிறகு பிழிந்தால் சொட்டுகிறது. கல்யாணப் பெண் கட்டுகிற பட்டு என் மூச்சைத் துடைக்கிறது தம்பி. எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது.

அம்மா மட்டும், "கொயலு ஊதிக்கினு நின்னா உன்ன எவன் கட்டிக்கினு போவான்" என்று புலம்புகிறார்கள். "பட்டுத்துணி மட்டும் ரெடிம்மா" என்றேன். அடிக்க வந்தார்கள்.

ஒரே ஒரு குறைதான். இடது ஆள்காட்டி விரலுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன கீ இருக்கிறதே, அந்தச் சுரம் மட்டும் இன்னும் கொளகொளக்கிறது. எத்தனை துடைத்தாலும் தண்ணீர் அந்த ஒரு ஓட்டையையே தேடிப் போகிறது. ஏன்?

பதிலுக்குக் காத்திருக்கும்
பரிமளா


ராணுவ அஞ்சல் வழியாக
9 ஜனவரி 2025

அக்காவுக்கு அன்புடன்,

நலமே. சீக்கிரம் எழுதி முடிக்கிறேன், ஹெலிகாப்டர் கிளம்பப் போகிறது. கிளாரினெட்டைக் கீழ் முகாமுக்கு அனுப்பிவிட்டேன். என்னை மேல் முகாமில் போட்டிருக்கிறார்கள்.

தண்ணீர் ஒருமுறை போன வழியிலேயே மறுபடியும் போகும். அந்தத் தடத்தை மாற்றினால் தீரும். எங்கள் ஹவில்தார் ஒரு இறகை எண்ணெயில் தொட்டு உள்ளே கோடு இழுப்பார். தண்ணீர் எண்ணெயைத் தாண்டாது. எங்கிருந்து வருகிறது, எப்படிப் போகிறது என்று முதலில் உட்கார்ந்து பார்.

கிறிஸ்துமஸ் அன்று ராஜகுளத்துக்காரர் ஒருவர், நாயக் பதவியில் இருக்கும் நந்தகுமார், என்னைத் தேடி வந்து, "நம்மூரு ஆளா நீ? இன்னாபா, சொல்லவே இல்ல" என்று கட்டிப்பிடித்துக்கொண்டார். இவ்வளவு உயரத்தில் நம் பேச்சைக் கேட்டதும் கண்ணில் நீர் வந்தது. இமையிலேயே உறைந்துபோனது. இருவரும் சிரித்தோம்.

இங்கே காலையில் சூரியன் வரும்போது மலை முழுக்க ஒரு நிமிஷம் ரோஜா நிறமாக ஆகிறது. செய்கிற வேலையை எல்லாரும் நிறுத்திவிடுவோம். அதை உனக்கு எப்படி எழுதுவது என்றே தெரியவில்லை.

அம்மாவுக்கு முத்தம்.
ஏசுதாஸ்


மானாம்பதி
26 ஜனவரி 2025

என் தங்கத் தம்பிக்கு,

எல்லாரும் சுகம். பொங்கலுக்கு அம்மா உன் பங்கையும் சேர்த்துச் செய்து, அதையும் என்னையே சாப்பிட வைத்தார்கள். நீ நன்றாகச் சாப்பிடு.

நீ சொன்னபடி பார்த்தேன். நான்கு நாள், மில் விட்டு வந்ததும், கிளாரினெட்டைப் பிரித்து மேல் பாகத்தை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து உள்ளே பார்த்துக்கொண்டே இருந்தேன். அம்மா எனக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்று நினைத்தார்கள்.

எவ்வளவு அழகாக இருக்கிறது அந்தக் குழலுக்குள்! கறுப்பு மரம், வழவழப்பு, அதன் மேல் என் மூச்சு பனித்துளி போலப் பூத்திருக்கிறது. ஒரு துளி இன்னொரு துளியைத் தொட்டதும் இரண்டும் ஓடுகிறது. ஓடுகிற துளி நேராகக் கீழே போவதில்லை. ஒரே தடத்தில் வளைந்து அந்த ஓட்டைக்குப் போகிறது. அப்போதுதான் புரிந்தது. மடை மாதிரி தம்பி! யாரோ பல வருஷமாக அதை ஒரே பக்கமாகச் சாய்த்து வைத்து வாய்க்கால் பழக்கிவிட்டிருக்கிறார்கள். நானும் பெட்டியில் அதே பக்கம்தான் சாய்த்து வைத்திருக்கிறேன்.

வாய்க்காலை மாற்றுவது நமக்குத் தெரியாதா? கோழி இறகில் கொஞ்சம் எண்ணெய் தொட்டு ஓட்டைக்கு மேலே குறுக்கே ஒரு வரப்பு போட்டேன். வேறு பக்கம் இரண்டு கோடு இழுத்து, நடுவில் நேராகக் கீழே வழி விட்டேன். பிறகு ஊதினேன். கால் மணி, அரை மணி, முக்கால் மணி. தண்ணீர் வருகிறது, ஆனால் புதுத் தடத்தில் ஓடி அடியில் சொட்டுகிறது. சத்தம் சுத்தமாக இருக்கிறது.

ஒரு கீர்த்தனை முழுவதையும் முதல் முறையாக ஒரு தப்பும் இல்லாமல் வாசித்தேன். முடிந்ததும் தெருவைப் பார்த்தேன். குழாயடியில் குடம் நிரம்பி வழிகிறது, எடுக்க வேண்டியவள் என்னைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள். எனக்கு என் கையே வேறு யாருடைய கையோ போலத் தெரிந்தது.

உன்னிடம்தான் முதலில் சொல்கிறேன்.
அக்கா


மானாம்பதி
22 பிப்ரவரி 2025

அன்புத் தம்பிக்கு,

நாங்கள் நலம். நீ?

மூன்று வாரமாக உன் போன் இல்லை. பத்தாம் தேதி யாரோ ஒரு அதிகாரி இந்தியில் பேசினார். எனக்குப் புரிந்தது "ஆஸ்பத்திரி", நன்றாக இருக்கிறான் என்கிற "டீக் ஹை" இரண்டுதான். அம்மாவிடம், உனக்கு ஜுரம், கீழே அனுப்பியிருக்கிறார்கள் என்றேன். நான் சொன்னது உண்மையா என்று எனக்கே தெரியாது. அம்மா விளக்குமாற்றை எடுத்து, பெருக்கிய இடத்தையே மறுபடியும் பெருக்கினார்கள்.

ஒரு வரி எழுது. ஒரே ஒரு வரி.

பரிமளா


ராணுவ மருத்துவமனை
4 மார்ச் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

பயப்பட ஒன்றும் இல்லை. ஜுரமும் இருமலும் இருந்தது, இப்போது தேவலை. நல்ல சாப்பாடு, வெந்நீர்க் குளியல். அம்மாவிடம் நான் ராஜா மாதிரி படுத்திருக்கிறேன் என்று சொல்.

போனில் கண்ணாடி உடைந்துவிட்டது, அதனால் வீடியோவில் வர முடியாது. கடிதமே எழுதுகிறேன்.

ஊருக்கு வருகிற நண்பர் ஒருவரிடம் என் கிளாரினெட்டைக் கொடுத்து அனுப்புகிறேன். மீரட்டில் நானே பார்த்துப் பொறுக்கி வாங்கியது. கோயில் கருவியைவிட நன்றாகப் பேசும். நீ வைத்துக்கொள். எனக்கு இங்கே வேறு கிடைக்கும்.

மரம் மறுபடி ஈரத்துக்குப் பழக, முதல் இரண்டு வாரம் ஒரு நாளைக்குக் கால் மணி நேரத்துக்கு மேல் ஊதாதே. ஈரம் திடீரென்று ஏறினால் மரம் வெடிக்கும். கீழ் முகாமில் ரொம்ப நாள் சும்மா காய்ந்து கிடந்தது, அதனால் சொல்கிறேன்.

வாய்க்கால் வெட்டியதைப் படித்துப் பக்கத்துக் கட்டிலில் இருப்பவருக்கும் மொழிபெயர்த்துச் சொன்னேன். அவர் ஒரிசாக்காரர், விவசாயி மகன். உன் அக்கா இன்ஜினியர் என்றார்.

அன்புடன்
ஏசுதாஸ்


மானாம்பதி
13 மார்ச் 2025

தம்பி ஏசுதாஸுக்கு,

அம்மாவும் நானும் இருக்கிறோம். கிளாரினெட் பத்திரமாக வந்து சேர்ந்தது. திறந்து பார்த்துவிட்டு மூடி வைத்துவிட்டேன். இன்னும் ஊதவில்லை.

சின்ன வயதிலிருந்து உன் எழுத்து கோடு போட்ட மாதிரி நேராக இருக்கும். கோடு இல்லாத தாளில்கூட. மலை மேல் இருந்து, குளிரில் நடுங்கிக்கொண்டு எழுதிய கடிதமும் நேராகத்தான் இருந்தது. இந்தக் கடிதத்தில் ஒவ்வொரு வரியும் மேலே ஏறிப் போகிறது. பாதியில் எழுத்து இழுத்துக்கொண்டு ஓடுகிறது. எழுதும்போது தாள் நகர்ந்திருக்கிறது.

நானும் வேண்டுமென்றே அப்படி எழுதிப் பார்த்தேன். இடது கையால் தாளைப் பிடிக்காமல் எழுதினால் அப்படியே வருகிறது.

உன் இடது கைக்கு என்ன ஆனது?

அம்மாவுக்குச் சொல்ல மாட்டேன். எனக்குச் சொல்.

பரிமளா


ராணுவ மருத்துவமனை
25 மார்ச் 2025

அக்கா,

சுகமா என்று கேட்டு எழுத ஆரம்பித்து மூன்று தாளைக் கிழித்துவிட்டேன். நேராகவே சொல்கிறேன். இடது கையில் நடுவிரல், மோதிரவிரல், சுண்டுவிரல் மூன்றும் இரண்டாவது கணுவோடு போய்விட்டன. பனி கடித்துவிட்டது. வலி இப்போது இல்லை.

ஜனவரி இருபத்தெட்டு. காலையில் நந்தகுமார் அண்ணன் எழுந்திருக்கவில்லை. மூச்சு விடும்போது அவர் நெஞ்சில் கொளகொள என்று கேட்டது. எனக்கு உடனே தெரிந்துவிட்டது, அதே சத்தம்தான். தண்ணீர் ஏறிய கிளாரினெட்டின் சத்தம். அந்த உயரத்தில் சிலருக்கு நுரையீரலில் தண்ணீர் கோத்துக்கொள்ளும். கீழே இறக்கினால் பிழைப்பார்கள், மேலேயே வைத்திருந்தால் இல்லை. காற்று பலமாக இருந்தது, ஹெலிகாப்டர் வர முடியாது. நாங்கள் நான்கு பேர் தூக்கிக்கொண்டு இறங்கினோம்.

ஆக்ஸிஜன் முகமூடியில் சின்னதாக ஒரு வால்வு உண்டு. அவர் மூச்சின் ஈரம் அதில் உறைந்து உறைந்து அடைத்துக்கொண்டது. தடித்த கையுறையோடு அதைப் பிடிக்க முடியவில்லை. மற்றவர்களுக்கு என்ன செய்வது என்று தெரியவில்லை. எனக்குத் தெரியும். அடைத்த துளையைத் திறக்கிற வேலையைப் பதினோரு வருஷமாகச் செய்கிறேன். வலது கையில் ஸ்ட்ரெச்சர், அதனால் இடது கையுறையைக் கழற்றிவிட்டு வால்வை உள்ளங்கைக்குள் வைத்து மூடிக்கொண்டேன். சூட்டுக்குப் பனி உருகும், கொஞ்ச தூரம் போவோம், மறுபடி அடைக்கும், மறுபடி மூடுவேன். ஐந்து மணி நேரம் இப்படியே போனது. முதல் ஒரு மணிக்குப் பிறகு கையில் வலி தெரியவில்லை. அதுதான் ஆபத்து என்று படித்திருக்கிறேன். ஆனால் கையை எடுத்தால் அவர் மூச்சு நிற்கும்.

முகமூடி ஓரமாக அவருடைய மூச்சு கசிந்து மப்ளரில் வெள்ளையாகப் படிந்தது. நான் அதையே பார்த்துக்கொண்டு நடந்தேன். அந்த வெள்ளை கொஞ்சம் கொஞ்சமாக வளர்ந்தது. வளர்கிற வரைக்கும் ஆள் உயிரோடு இருக்கிறார் என்று அர்த்தம். இறங்க இறங்க அந்தக் கொளகொளச் சத்தம் குறைந்தது அக்கா. என் காதாலேயே கேட்டேன். ஒரு வளைவு தாண்டும்போது சுத்தமான மூச்சு ஒன்று வந்தது. நான் கேட்ட எந்தச் சங்கீதமும் அதற்கு ஈடில்லை.

அவர் கண்ணைத் திறந்து, "ஏசு, இன்னாபா இது, கை வெளிய கீது? உள்ள வெச்சிக்க" என்றார். அப்போதுதான் என் கையைப் பார்த்தேன். மெழுகு மாதிரி இருந்தது.

அவர் இப்போது வீட்டில் இருக்கிறார். எனக்கு வருத்தமா என்று கேட்பாய். பகலில் இல்லை. யாராவது வார்டில் ரேடியோ போட்டால், இல்லாத விரல்கள் பாட்டுக்கு அசைகின்றன. அப்போது கொஞ்சம் கஷ்டமாக இருக்கும்.

கிளாரினெட்டை ஊது. மூடி வைக்காதே.

ஏசுதாஸ்


மானாம்பதி
15 ஏப்ரல் 2025

என் உயிருக்கு உயிரான தம்பிக்கு,

உன் கடிதத்தைக் களத்தில், நெல்லுக்கு நடுவில் நின்று படித்தேன். வெயில் சுட்டது. காலடியில் நெல் சூடாக இருந்தது. உன் கையை அந்த நெல்லுக்குள் புதைத்து வைத்தால் நன்றாக இருக்குமே என்று தோன்றியது. வேறு எதுவும் யோசிக்க முடியவில்லை. அதற்கு மேல் அதைப் பற்றி எழுதவும் எனக்கு வராது. அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.

அன்றே உன் கிளாரினெட்டை ஊதினேன். கால் மணிதான், நீ சொன்னபடி.

குருத்தோலை ஞாயிறு. காலை ஏழு மணிக்குப் பவனி கிளம்பியது. பெரிய டிரம், இரண்டு டிரம்பெட், கோயில் கிளாரினெட்டோடு நான். எல்லார் கையிலும் ஓலை. முதல் பாட்டு, இரண்டாம் பாட்டு தாண்டி மெயின் ரோடு வரைக்கும் வந்தோம். வழக்கமாகத் தண்ணீர் சேர்கிற நேரம். எனக்குப் பயமாகத்தான் இருந்தது. பிறகு ஒன்று நினைத்தேன்: தண்ணீர் வரட்டும். வந்தால்தான் உள்ளே மூச்சுப் போகிறது என்று அர்த்தம். அதற்குப் பிறகு பயம் போய்விட்டது. எங்கே நடந்தேன் என்றே தெரியவில்லை. பஸ் ஒன்று பின்னால் நின்றிருக்கிறது, டிரைவர் ஹாரனே அடிக்கவில்லையாம். ஓலைகளின் சத்தமும் என் குழலும் ஒன்றாகிவிட்ட மாதிரி இருந்தது. ஆண்டவர் நிஜமாகவே இந்த ரோட்டில் வருகிறார் என்று ஒரு நிமிஷம் நினைத்தேன்.

முடிந்ததும் சாமுவேல் ஐயா கிட்டே வந்தார். "இன்னா பரிமளா, இன்னிக்கி தண்ணியே வரலியே?" என்றார்.

"வந்துச்சி ஐயா. வயி மாத்தி வுட்டேன்" என்றேன்.

அவர் குழலை ஒருமுறை எட்டிப் பார்த்தார். பிறகு, "ஈஸ்டருக்கு அஞ்சு பாட்டு. ரெடி பண்ணிக்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

உன்னைக் காணத் தவிக்கும்
அக்கா


ராணுவ மருத்துவமனை
3 மே 2025

அன்பு அக்காவுக்கு,

நலம். 'வழி மாற்றி விட்டேன்' என்று நீ சொன்னதை வார்டு முழுக்கச் சொல்லிச் சிரித்தோம்.

பதினெட்டாம் தேதி இரண்டு வார லீவில் வருகிறேன். அதன் பிறகு கீழேதான் வேலை, பேண்டு ஸ்டோரில் கருவிகளைப் பழுது பார்ப்பது.

நான் வருவதற்கு முன் அம்மாவிடம் சொல்லிவிடு. அவர்கள் முகம் மாறுவதை என்னால் நேரில் பார்க்க முடியாது.

ஏசுதாஸ்


மானாம்பதி
9 ஜூன் 2025

அன்புத் தம்பிக்கு,

நல்லபடியாகப் போய்ச் சேர்ந்தாய் என்று உன் போனில் தெரிந்தது. இங்கே சுகத்துக்குக் குறைவில்லை. போனில் பேச முடியாத ஒன்று இருக்கிறது, அதனால் எழுதுகிறேன்.

நீ கேட்டபடி அம்மாவிடம் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. பதினேழாம் தேதி வரைக்கும் நாளைக்கு நாளைக்கு என்று தள்ளிவிட்டேன். பஸ் ஸ்டாண்டில் அம்மா நேராக வந்து உன் இடது கையைப் பிடித்துக்கொண்டு, "வா, வூட்டுக்குப் போலாம், நாஷ்டா ஆறிப் பூடும்" என்றபோது, நான் சொல்லிவிட்டேன் என்று நீ நினைத்தாய். நான் சொல்லவே இல்லை; உன் பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் வந்தேன்.

நீ கிளம்புவதற்கு முதல் நாள் சாயந்திரம் நாம் வாசித்தோமே. நீ ஊதினாய், உன் வலது கை கீழ்ப் பாகத்தில், உன் தோளுக்கு அடியில் கையை நுழைத்து என் இடது கை மேல் பாகத்தில். முதல் இரண்டு முறை கண்றாவியாக இருந்தது. மூன்றாவது முறை உன் மூச்சு என் விரலுக்கு அடியில் ஓடுவது எனக்குத் தெரிந்தது. நான் எப்போது விரலைத் தூக்க வேண்டும் என்று அதுவே சொன்னது. ஒரே ஆள் வாசிக்கிற மாதிரி இருந்தது என்று பக்கத்து வீட்டு ஜெயம்மாள் அக்கா சொன்னார்கள். நீ கண்ணை மூடிக்கொண்டிருந்தாய். அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வெளியே வந்து தரையில் உட்கார்ந்ததை நீ பார்க்கவில்லை. அவர்கள் முகத்தை நான் அப்படிப் பார்த்ததே இல்லை.

உன்னை பஸ் ஏற்றிவிட்டு வந்த அன்று கேட்டேன். "யம்மா, தம்பி கை உனக்கு எப்டி தெரியும்?"

"ஏப்ரல் மாசமே தெரியும்" என்றார்கள். "களத்துல இருந்து வந்து நீ மூஞ்சி கயுவிக்கினே இருந்த. லெட்டர எட்துக்கினு போயி போதகருகிட்ட குட்து படிக்கச் சொன்னேன்."

"ஏம்மா எங்கிட்ட கேக்கல?"

"நீ எனுக்காக மறைச்ச. நான் உனுக்காக மறைச்சேன்."

பிறகு சொன்னார்கள். நான் மில்லுக்குப் போன பிறகு, தினமும் இடது கையில் மூன்று விரலையும் மடக்கித் துணியால் கட்டிக்கொண்டு வேலை செய்து பார்த்தார்களாம். தன் பிள்ளைக்கு என்னென்ன முடியும், என்னென்ன முடியாது என்று தெரிந்துகொள்ள. ஒவ்வொன்றாகச் சொன்னார்கள்: "டம்ளரு புடிக்கலாம். சட்ட பட்டன் போடலாம், லேட் ஆவும். சோறு வடிக்கக் கூடாது, சுட்டுக்குவான். பேன்ட் ஜிப்பு போடலாம். ஷூ லேசு கஷ்டம், அதான் அவனுக்குச் செருப்பு வாங்கினு வந்தேன்."

ஒரு மாதத்துக்கு மேல் ஒரே வீட்டில் இருந்தும் எனக்குத் தெரியாது. நான் வருகிற நேரத்துக்குக் கட்டை அவிழ்த்துவிடுவார்களாம்.

கடைசியாக, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்கள். "உன் பொட்டியத் தொறந்து கொயல கூட எட்து வெச்சிப் பாத்தேன். எல்லா ஓட்டையும் மூட முடியல. அது மட்டும் அவனுக்கு ஆவாதுன்னு நெனச்சி அயுதேன். அன்னிக்கி நீங்க ரெண்டு பேரும் ஊதற வரைக்கும் அப்டித்தான் நெனச்சிக்கினு இருந்தேன்."

அடுத்த லீவு எப்போது என்று அம்மா கேட்கச் சொன்னார்கள். உன் கடிதத்துக்கு வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கும்

அக்கா பரிமளா